அலமாரிக்குள் இருந்தவளின் அப்பா எழுதுவது

பெருமதிப்பிற்குரிய மருந்துக்கடை ஐயா அவர்களுக்கு, கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவனும், போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு காலை தங்களை வாசற்படியிலேயே வியர்க்க வைத்தவனும், அதற்கு முன்புவரை ஓரளவு நல்ல மனிதன் என்று பெயர் எடுத்திருந்தவனுமாகிய அடியேன் மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான், என் மனைவி, என் மகள், என் மச்சான் ஆகிய நால்வரும் உயிருடன் சுகமாக இருக்கிறோம். உயிருடன் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன், தங்களுக்கு அந்த விஷயத்தில் சந்தேகம் இருக்கலாம். அங்கே தாங்களும் தங்கள் துணைவியாரும் தங்கள் பிள்ளையாகிய தம்பியும் நலமா என்றும், துணைவியாருக்குப் படபடப்பு குறைந்ததா என்றும் அறிய ஆவலாக இருக்கிறேன். முதலில் 'அன்புள்ள சம்பந்தி' என்றுதான் ஆரம்பித்தேன். என் மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, இன்னும் ஆகல, அடிச்சிட்டு எழுதுங்க என்றாள். அடித்துவிட்டு எழுதுகிறேன்.

தாங்கள் யோசிக்கப் பத்து நாள் கேட்டிருந்தீர்கள். இன்றோடு ஒன்பது. நான் நாளை எண்ணிக்கொண்டிருப்பதாக நினைக்க வேண்டாம் என்று எழுத வந்தேன், ஆனால் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். என் மகள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருக்கிறாள். தயவுசெய்து இதை என் திகில் கதைகளோடு சேர்த்துப் படிக்க வேண்டாம், அது பரிசோதனைக்கு எடுக்கிற ரத்தம். அதே ஆஸ்பத்திரியில் மெஷின் ரிப்பேர் பார்க்கும் தங்கள் பிள்ளையோடு மூன்று வருஷம் பழகி, சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடி சண்டை போட்டு, இவர்தான் என்று முடிவு பண்ணி வைத்திருக்கிறாள். கட்டினால் அவரை, இல்லாவிட்டால் இப்படியே இருந்துவிடுகிறேன் என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான், அந்தப் பிடிவாதம் அவள் அம்மா வழி. இப்போது தாங்கள் வேண்டாம் என்றுவிட்டால் என் இருபத்தொன்பது வயதுப் பெண் இந்த இரண்டு அறை வீட்டிலேயே தங்கிவிடுவாள், அதற்குக் காரணம் பெற்ற தகப்பன் என்று ஆகிவிடும். போன்ல பேசினா நீங்க உளறுவீங்க, உக்காந்து எழுதுங்கப்பா, நடந்ததை நடந்தபடி எழுதுங்க என்று அவளே பேப்பரும் பேனாவும் கொண்டு வந்து வைத்தாள். அப்படியே எழுதுகிறேன்.

முதலில் நான் இந்தக் குழியில் எப்படி விழுந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கடையின் முன்பக்கம் பளபளவென்று இருக்கும், அங்கே முதலாளி நிற்பார். பின்பக்கம் ஒரு ஆள் முழுசாகத் திரும்ப முடியாத அறை, ஒரு தேய்ப்புச் சக்கரம், அதன்மேல் சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர், மூக்கிலும் புருவத்திலும் எப்போதும் வெள்ளைப் பொடி, அங்கே நான் நிற்பேன். முப்பத்தொரு வருஷமாக நிற்கிறேன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகை ஆசிரியர் பிரேம் உடைந்து வந்தார். நான் ஒட்டிக்கொண்டிருந்த நேரத்தில், தன் பத்திரிகையில் திகில் தொடர் எழுதுகிறவர் கோபித்துக்கொண்டு போய்விட்டதாகப் புலம்பினார். நான் எழுதித் தரவா சார் என்று என் வாய் முந்திக்கொண்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், அந்த நுணலுக்காவது மழைக்காலம் ஒன்றுதான், நான் வருஷம் பூராவும் கெட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதல் அத்தியாயத்தில் தலைவிரி கோலமாக ஒரு பேயை விட்டிருந்தேன். ஆசிரியர் படித்துவிட்டுக் கொட்டாவி விட்டார். வெறும் பேய்க்கு எவனும் பயப்பட மாட்டான் சார், யாரோட பேய்னு சொல்லுங்க, சித்தப்பாவோட பேய்னா பயப்படுவான் என்றார். சித்தப்பா பேயாகத் திருத்திக் கொடுத்தேன். அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டு, நடுவுல பேய் எதுக்கு இடைஞ்சலா, சித்தப்பாவே போதும் என்றார். அன்றைக்கு எனக்கு இந்த வகைக் கதையின் சூட்சுமம் பிடிபட்டது. பெரிய பங்களா, விடாத மழை, காற்றில் அடித்துக்கொள்ளும் ஜன்னல், இதெல்லாம் மேல்பூச்சு. பயம் இருப்பது குடும்பத்தில்தான். வெளியாள் வந்து கழுத்தை நெரித்தால் அது போலீஸ் கதை. சோறு ஊட்டின கையே நெரித்தால்தான் அது நம்ம கதை. அந்த வீட்டில் எல்லாரும் ஒருத்தர்மேல் ஒருத்தர் உயிரையே வைத்திருப்பார்கள், அதனால்தான் கடைசியில் யாருக்கும் உயிர் மிஞ்சாது. அம்மா பால் கொண்டு வந்தால் படிக்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்க வேண்டும். அப்பா 'உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்' என்று ஆரம்பித்தால், எழுந்து ஓடு பெண்ணே என்று அவர்கள் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே முணுமுணுக்க வேண்டும். இப்படிப் பதினெட்டு வருஷத்தில் பதினோரு தொடர் எழுதிவிட்டேன். புனைபெயரில் எழுதியதால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் தங்கள் துணைவியார் அன்றைக்கு அவ்வளவு தைரியமாக எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியிருக்க மாட்டார்கள்.

என்னிடம் ஒரு குறை உண்டு, அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். எனக்குக் கற்பனை கிடையாது. கடையில் எப்படி அளந்துதான் தேய்ப்பேனோ, கண்ணால் மதிப்பிட மாட்டேனோ, கதையிலும் அப்படியே. பங்களாவின் தாழ்வாரம் நாற்பதடி என்று எழுத வேண்டுமானால் எங்கள் வீட்டு நடையில் ஐந்து தடவை போய்வந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். பிணத்தை மாடிப்படியில் இறக்க எத்தனை பேர் வேண்டும், பாலில் எதையாவது பொடி பண்ணிப் போட்டால் அடியில் தங்குமா (சாக்பீஸ்தான் போட்டுப் பார்த்தேன்), பூட்டின அலமாரிக்குள் இருந்து கத்தினால் தெருவுக்குக் கேட்குமா, இதெல்லாம் வீட்டில் ஒத்திகை பார்க்காமல் ஒரு வரி ஓடாது. ஒத்திகைக்கு ஆள் வேண்டுமே, வெளியாளைக் கூப்பிட முடியுமா, கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதையாக என் குடும்பத்தையே குடும்பமாக நடிக்க வைத்தேன். என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, கல்யாணமாகாதவன், எங்களோடுதான் இருக்கிறான். குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல் வேலை. காலையில் வந்து படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான். ஆகவே பிணம் எல்லாமே அவன்தான். என் மனைவிக்கு என்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. பத்து தொடரிலும் அம்மா முதல் அத்தியாயத்துக்கு முன்னாலேயே செத்திருப்பாள், சுவரில் படமாகத் தொங்குவாள். ஒரு கதையிலயாவது என்னை உசிரோட விடுங்களேன் என்று கேட்டாள். சரி, பாவம் என்று பதினோராவதில் உயிரோடு விட்டேன், ஆனால் விஷம் வைக்கிறவளாக. அதுக்கு நான் படமாவே தொங்கியிருப்பேன் என்றாள். என் மகள் பதினோரு வயதிலிருந்து அலமாரிக்குள் அடைபட்டு வருகிறாள். அவளுக்கு அதில் இப்போது கை தேர்ந்துவிட்டது. உள்ளே ஸ்டூல் போட்டிருக்கிறோம், பின்பலகையில் ஒன்றை மட்டும் கழற்றிக் காற்றுக்கு வழி பண்ணியிருக்கிறோம், அவள் பாட்டுக்கு நகம் வெட்டிக்கொண்டே கத்துவாள். கேட்கிறவர்களுக்கு ஈரல்குலை நடுங்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் பத்தரைக்கு வருவதாகப் பேச்சு. ஆசிரியருக்குத் திங்கட்கிழமை காலை இருபத்துமூன்றாவது அத்தியாயம் போயாக வேண்டும். அந்த அத்தியாயத்தில் என்ன வருகிறது என்றால், பங்களாவுக்குப் பெண் கேட்டு ஒரு குடும்பம் வருகிறது. தாங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், அது முழுக்க முழுக்கத் தற்செயல். பெண்ணைக் கொடுக்க மனமில்லாத அப்பா அவளை அலமாரிக்குள் பூட்டிவிட்டு, அவள் இறந்துவிட்டாள் என்று சொல்லி, கூடத்தில் துணி போர்த்தின வேறொரு உடலைக் காட்டுகிறார். வந்தவர்களுக்கு அம்மா பால் கொண்டு வந்து கொடுக்கிறாள். ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் பத்துக்குள் ஒத்திகை முடியும், மிச்ச அரைமணியில் கூடத்தை ஒழித்து, முகம் மழித்து, நல்ல சட்டை மாட்டி நின்றுவிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். தாங்கள் ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டீர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சொன்ன நேரத்துக்கு முன்னால் வருவது பெரிய மனிதர்களின் குணம், தெருவில் வண்டி நெரிசல் இல்லாமல் போனதும் ஒரு காரணமாக இருக்கும். ஆனாலும் அந்த முக்கால் மணிநேரம் மட்டும் தாங்கள் எங்கேயாவது நின்று ஒரு டீ குடித்துவிட்டு வந்திருந்தால், இன்றைக்கு நான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியதில்லை.

காற்றுக்காக வாசல் கதவைத் திறந்துதான் வைத்திருந்தோம். தாங்கள் மூன்று பேரும் வந்து நின்றபோது கண்ட காட்சியைத் தங்கள் இடத்தில் இருந்து யோசித்துப் பார்த்தேன். கூடத்து நடுவில் தலையோடு கால் வெள்ளைத் துணி போர்த்தி ஓர் ஆள். நிலைக்கண்ணாடி முன்னால் என் மனைவி, கையில் பால் டம்ளர், கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தபடி, ஒரே மடக்கா குடிச்சிடு, வலிக்காது, வலிக்காது என்று நாலு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் லுங்கியோடு, கையில் கடிகாரத்தோடு, அலமாரியில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு,

"கத்தும்மா, இன்னும் கொஞ்சம் கத்து, யாருக்கும் கேக்காது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உள்ளே என் மகள் தன் வாழ்நாளிலேயே இல்லாத அளவுக்கு நன்றாகக் கத்தினாள். அடுத்தவர் வீட்டுக்கு முதல் தடவையாக வருகிறவர்களுக்கு என்ன சொல்வது நாகரிகம் என்று யாருக்குத்தான் தெரியும், தாங்கள் இருமினீர்கள். நான் திரும்பினேன். அந்த நேரத்தில் எனக்கு மூளை இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். மூளைக்குப் பதிலாக உபசாரம்தான் வந்தது. வாங்க வாங்க, உட்காருங்க என்றேன். உட்கார விரித்திருந்த ஒரே பாயில் மச்சான் கிடந்தான். கொஞ்சம் தள்ளி உட்காருங்க, அவன் ஒண்ணும் செய்ய மாட்டான் என்றும் சொன்னதாக என் மனைவி சொல்கிறாள், எனக்கு ஞாபகம் இல்லை.

சாவி என்னிடம் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். கதைப்படி அப்பா சாவியைப் பிணத்தின் சட்டைப் பையில் ஒளித்து வைக்கிறார், அளந்து எழுதுகிறவன் ஆயிற்றே நான், அப்படியே வைத்திருந்தேன். மச்சானோ ராத்திரி வேலை முடித்து வந்து படுத்தவன், நடிப்பை எப்போதோ விட்டுவிட்டு நிஜமாகவே தூங்கிப்போயிருந்தான். சாவியை எடுக்கத் துணிக்குள் கையை விட்டேன், நான் இழுத்த இழுப்பில் அவன் குப்புறப் புரண்டு அதன்மேலேயே படுத்துக்கொண்டான். ஒரு பிணத்தோடு நான் மல்லுக்கட்டுவதைத் துணைவியார் பார்க்க வேண்டியதாயிற்று. தாங்கள் மருந்துக்கடைக்காரர் என்ற பொறுப்பில் குனிந்து அவன் நாடியைப் பிடித்தீர்கள். குளிர்பதனக் கிடங்கில் வேலை செய்கிறவன் கை, மத்தியானம்வரை ஜில்லென்றுதான் இருக்கும். தங்கள் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்போது அவன் துணியோடு எழுந்து உட்கார்ந்து, டீ ஆச்சா என்று கேட்டான். துணைவியார் வாசற்படியில் உட்கார்ந்தது அப்போதுதான். இதற்குள் தங்கள் பிள்ளையாகிய தம்பி நேராக அலமாரியிடம் போய், உள்ள நல்லா இருக்கியா என்று கேட்டு, இருக்கேன் என்று பதில் வந்ததும், சட்டைப் பையில் இருந்து ஒரு ஸ்குரூ டிரைவர் எடுத்துக் கீலையே கழற்றிவிட்டார். பதினெட்டு வருஷமாகப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, கதவுக்கு இன்னொரு பக்கம் கீல் என்று ஒன்று இருப்பதே தோன்றியதில்லை. அவள் புடவை கசங்காமல், கையில் நகவெட்டியோடு வெளியே வந்து எல்லாருக்கும் வணக்கம் சொன்னாள். அதைவிட மரியாதையாக ஒரு பெண் அலமாரியிலிருந்து வெளியே வந்திருக்க முடியாது.

பிறகு என் மனைவி பதற்றத்தில் டீ கொண்டு வந்தாள். அதே கையால், அதே சிரிப்போடு, குடிங்க, ஒண்ணும் பண்ணாது என்று வேறு சொன்னாள். தாங்கள் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தீர்கள். தொழில் பழக்கம் என்று எடுத்துக்கொண்டேன். இனியும் மறைத்தால் தப்பு என்று, நான்தான் இன்னார், இந்தப் பெயரில் திகில் தொடர் எழுதுகிறேன், இதெல்லாம் ஒத்திகை என்று போட்டு உடைத்தேன். எல்லாரும் சிரித்து விடுவார்கள் என்று நினைத்தேன். துணைவியார் சிரிக்கவில்லை. அந்தக் கதைங்கள்ல பொண்ணு கடைசியில என்ன ஆவா என்று கேட்டார்கள். என் எழுத்தைப் பற்றி ஒருவர் நேரில் கேட்பது அதுதான் முதல் தடவை, எனக்குத் தலைகால் புரியவில்லை, பெருமையாகவே சொன்னேன்:

"பதினொண்ணுல ஒண்ணுலயும் பொண்ணு வீட்டை விட்டு வெளிய போக மாட்டா. அதான் நம்ம ஸ்பெஷல்."

துணைவியார் என் மகளைப் பார்த்தார்கள். என் மகள் தரையைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் தாங்கள் பத்து நாள் கேட்டீர்கள். பழைய பேப்பர் கடையில் ஒரு அம்மா என் தொடர் வந்த இதழ்களை எல்லாம் தேடி வாங்கிக் கட்டாகக் கட்டிக்கொண்டு போனார்கள் என்று மூன்றாம் நாள் கேள்விப்பட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாசகி கிடைத்ததற்கு நான் அழுதேன்.

துணைவியார் படித்திருப்பார்கள். அதனால் ஒவ்வொன்றாகத் தெளிவுபடுத்திவிடுகிறேன். அந்த அப்பா நான் இல்லை. அவர் ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார். நான் ஒருநாளும் பூட்டியது கிடையாது, மகள் வேலையிலிருந்து வருகிறவரைக்கும் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதோடு சரி. அவர் மகளுக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படிப்பார். நான் பிரிப்பதே இல்லை, போன் வந்தால் யாரு, எதுக்கு, இப்ப எதுக்கு என்று மூன்றே மூன்று கேள்வி கேட்பேன். அவர் மகளைப் பின்தொடர்ந்து போவார். நான் ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப்பில் நாலைந்து தடவை நின்றது உண்மைதான், அது குடை கொடுக்கப் போனது. அன்றைக்கெல்லாம் மழை இல்லை என்று அவள் சொல்வாள், மழை நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது. அவர் பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம் ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். இதற்கு முன் எங்களுக்கும் மூன்று இடம் வந்தது, நான் நியாயமான காரணத்துக்குத்தான் வேண்டாம் என்றேன். ஒருத்தருக்குக் கண்ணாடி பவர் ஆறு, நாளைக்குப் பிறக்கிற பிள்ளைகளுக்கும் வந்துவிடும், இது என் தொழில், எனக்குத் தெரியும். இன்னொருவர் ரொம்ப மெதுவாகப் பேசினார், அப்படிப் பேசுகிறவர்கள் என் கதையில் எல்லாம் ஆறாவது அத்தியாயத்தில் கோடரியை எடுப்பார்கள். மூன்றாவது ஆளுக்கு என்ன குறை என்று இப்போது யோசித்தால் சட்டென்று ஞாபகம் வரவில்லை. வீடு தூரம் என்று நினைக்கிறேன். இதெல்லாம் பெற்றவன் பார்க்க வேண்டியதுதானே. எழுதிப் பார்த்தால் மட்டும் ஏனோ அத்தியாயம் மாதிரி இருக்கிறது.

ஆகவே ஐயா, தங்கள் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். நேரம் முன்னே பின்னே ஆனதால் வந்த விபத்துதான் எல்லாம். பன்னிரண்டாவது தொடர் எழுத மாட்டேன் என்று ஆசிரியரிடம் சொல்லப்போகிறேன். அலமாரியின் பூட்டைக் கழற்றிவிட்டேன், கீல் ஏற்கெனவே இல்லை, இப்போது அதை அலமாரி என்று சொல்லக்கூட முடியாது. வருகிற ஞாயிறு இன்னொரு தடவை மூன்று பேரும் வர வேண்டும். எந்த நேரத்துக்கு வேண்டுமானாலும் வாருங்கள், விடியற்காலையில் வந்தாலும் மச்சான் நின்றுகொண்டிருப்பான். டீயை முதலில் நான் குடித்துக் காட்டுகிறேன். நாங்கள் சாதாரணக் குடும்பம் என்பதை நேரில் பார்த்துத் தாங்கள் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும்.

துணைவியாருக்கு என் வணக்கம். தம்பிக்கு என் ஆசி, அவருடைய ஸ்குரூ டிரைவருக்கும். தங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் நீண்ட ஆயுளும் நிம்மதியான தூக்கமும் அமையட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
லென்ஸ் தேய்ப்பவன்.

பின்குறிப்பு: இது மறுநாள் காலை எழுதுவது, அதாவது பத்தாவது நாள். கடிதத்தை மகளிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் வேலைக்குப் போகாமல் லீவு சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். அலமாரி வருகிற இடத்தில் சிரித்தாள். பரவாயில்லை, தேறிட்டோம் என்று நினைத்தேன். படித்து முடித்துக் காகிதங்களை அடுக்கி என் முன்னால் வைத்துவிட்டு, சத்தம் போடாமல் சொன்னாள்:

"அவங்க அம்மா சனிக்கிழமை சாயங்காலமே போன் பண்ணினாங்க. நீங்கதாம்ப்பா எடுத்தீங்க."

மேலே எழுதியதை எல்லாம் தாங்கள் தள்ளிவிடலாம். தாங்கள் சீக்கிரம் வரவில்லை. சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தீர்கள். அவர் கடை திறக்கணும், அதனால ஒன்பதே முக்காலுக்கே வந்துடறோம் என்று துணைவியார் சொன்னார்கள், ரொம்ப சந்தோஷம்மா, வாங்க என்று நான் சொன்னேன், வைத்துவிட்டு வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. மறுநாள் ஒத்திகையை ஒன்பதரைக்கு வைத்தேன். மனைவிக்குத் தெரியாது. மச்சானுக்கு எதுவுமே தெரியாது. பூட்டும்போது, பத்து நிமிஷம்தானேப்பா, அவங்க வர்றதுக்குள்ள விட்டுடுவீங்கல்ல என்று கேட்டுக்கொண்டே அவள் உள்ளே போனாள், ம் என்றேன். துணைவியார் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால், நான்தான் போன் பண்ணினேனே என்று ஏழாவது பாராவிலேயே சொல்லியிருப்பார்கள். போன் பண்ணினவர்கள் வீட்டுக்கே இப்படி ஒரு பொய்யை எழுதி அனுப்ப இருந்தேன். பொய் சொல்லக்கூட எனக்குக் கற்பனை போதவில்லை.

அம்மா போன் பண்ணினதைத் தம்பி அன்றைக்கே அவளிடம் சொல்லிவிட்டாராம். பத்து நாளாக அவளுக்குத் தெரியும். நானாகச் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஏன்ப்பா அப்படிப் பண்ணினீங்க என்று கேட்டாள். பதினோரு தொடர் எழுதினவனுக்கு ஒரே ஒரு வரிதான் வந்தது. நீ போயிட்டா எனக்கு பயமா இருக்கும்மா என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, என் மனைவி சமையலறையிலிருந்து வந்து தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மகள் அழவில்லை. ரத்தம் எடுக்கும்போது பயப்படுகிற கிழவர்களிடம் பேசுவாளே, அந்தக் குரலில் சொன்னாள்:

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லணும்ப்பா. பூட்டக் கூடாது."

தாங்கள் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். தபாலும் வேண்டாமாம், இந்தக் கடிதத்தை அவளே எடுத்துக்கொண்டு வருகிறாள். சம்மதமா இல்லையா என்று கேட்க அல்ல, எங்கப்பா இப்படித்தான், தெரிஞ்சுக்கிட்டே நான் வர்றேன் என்று துணைவியாரிடம் நேரில் சொல்லப் போகிறாளாம். கிழித்துப் போட்டுவிட்டு மரியாதையாக வேறொன்று எழுதித் தருகிறேன் என்றேன், இதையேதான் கொடுப்பேன் என்கிறாள். இந்த வரியை எழுதும்போது செருப்பு மாட்டிக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். பஸ் ஸ்டாப்வரை வரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டாள். எப்ப திரும்பி வருவே என்று கேட்க வாய் வருகிறது, கேட்கவில்லை. தாங்களும் என் பொருட்டு அதைக் கேட்க வேண்டாம். அவள் அங்கே இருக்கிற வரைக்கும் இருக்கட்டும். வந்து சேர்ந்தாளா என்று மட்டும் ஒரு போன் பண்ணினால் போதும். அதுகூட வேண்டாம். வேண்டாம் என்று எழுதியதைப் பார்த்துவிட்டு அவள் சிரிக்கிறாள், அதனால் போன் பண்ணுங்கள். போயிட்டு வாம்மா என்று இப்போதுதான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்து, இது ஒத்திகை இல்லையே என்று கேட்டாள். இல்லை என்றேன். கடிதத்துக்காக இன்னும் கையை நீட்டிக்கொண்டே நிற்கிறாள், இதோ கொடுத்துவிடுகிறேன்.